பெயரைக் கொடுக்காத பேராசிரியர்: ஹிஸ்டோனைக் கண்டறிந்த அல்பிரெக்ட் கொசெல்

போர் தொடங்கியதும் அரசுகள் ஆட்களையும் ஆயுதங்களையும் மட்டும் திரட்டுவதில்லை, பெயர்களையும் திரட்டுகின்றன. பேராசிரியர், வைத்தியர், விஞ்ஞானி என்று மக்கள் மதிக்கும் ஒருவரின் பெயர் ஓர் அறிக்கையின் கீழ் இருந்தால், அதை நம்புகிறவர்களின் தொகை கூடும். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியில் அப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவர் அல்பிரெக்ட் கொசெல். 1910ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். இரண்டு தடவைகள் அவரது பெயர் கேட்கப்பட்டது. இரண்டு தடவையும் அவர் அதைக் கொடுக்கவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் கொசெலின் கண்டுபிடிப்புகள் தெரிந்திருக்கும். அவருடைய பெயர்தான் தெரிந்திருக்காது. டிஎன்ஏயின் எழுத்துகளாகச் சொல்லப்படும் அடெனின், தைமின், சைற்றோசின் ஆகிய மூன்றும் அவரது ஆய்வுகூடத்தில் அடையாளம் காணப்பட்டவை. அந்த டிஎன்ஏ இழையைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தையும் முதலில் பிரித்தெடுத்தவர் அவரே. எந்தப் பரம்பரையலகு எப்போது வேலை செய்ய வேண்டும், ஒரு கலம் பிரியும்போது பரம்பரைச் செய்தி சிக்காமல் சிதையாமல் எப்படி இரண்டாகப் பகிரப்பட வேண்டும் என்பவற்றில் இந்தப் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை உலகம் புரிந்துகொள்வதற்கு அவர் இறந்து பல பத்தாண்டுகள் எடுத்தன.

துறைமுக நகரில் இருந்து

பால்டிக் கடலோரத்தில் உள்ள ரொஸ்டொக் என்ற வடஜேர்மன் துறைமுக நகரில் 1853 செப்டெம்பர் 16ஆம் திகதி கொசெல் பிறந்தார். தந்தை ஒரு வணிகர். பிரஷ்ய அரசின் கொன்சலாகவும் இருந்தவர். சிறு வயதில் கொசெலுக்குச் செடி கொடிகள் மீதே நாட்டம். ஆனால் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்தது மருத்துவம்.

1872இல் அவர் படிக்கப் போன இடம் ஸ்ட்ராஸ்பூர்க். அந்த நகரைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். அது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வரை பிரான்ஸின் நகரம். 1870இல் மூண்ட போரில் பிரஷ்யப் படைகள் அதை முற்றுகையிட்டன. அந்த ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி இரவு நடந்த எறிகணை வீச்சில் நகரின் நூலகம் முற்றாக எரிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத பழைய கையெழுத்துச் சுவடிகள் அதில் சாம்பலாகின. போர் முடிந்ததும் நகரம் ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டது. வென்ற அரசு அங்கே புதிய பல்கலைக்கழகம் ஒன்றைத் திறந்து, நாட்டின் சிறந்த ஆசிரியர்களைக் கொண்டுவந்து நிறைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தொகுதி மாணவர்களில் ஒருவர் கொசெல்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் தாவரவியலாளர் அன்டன் டி பாரி, வேதியியலாளர் அடோல்ஃப் பேயர் போன்றோர் இருந்தனர். ஆனால் அவரது வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தவர் ஃபெலிக்ஸ் ஹொப்பே-செய்லர். உடலை வேதியியல் மூலம் ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர் அவர். 1877இல் ரொஸ்டொக் திரும்பி மருத்துவத் தகுதித் தேர்வில் சித்தியடைந்த கொசெல், நோயாளரைப் பார்க்கும் தொழிலுக்குப் போகவில்லை. மீண்டும் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று ஹொப்பே-செய்லரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

சீழில் கிடைத்த பொருள்

ஹொப்பே-செய்லரின் ஆய்வுகூடத்தில் அப்போது தீராத ஒரு கேள்வி இருந்தது. 1869இல், டியூபிங்கன் நகரில் அவரிடம் வேலை செய்த ஃபிரீட்ரிக் மீஷர் என்ற சுவிஸ் இளைஞர், சத்திரசிகிச்சை விடுதியில் கழற்றி எறியப்பட்ட கட்டுத்துணிகளை எடுத்து அவற்றிலிருந்த சீழைக் கழுவி ஆராய்ந்தார். சீழில் நிறைந்திருப்பவை வெண்குழியங்கள். அவற்றின் கருவிலிருந்து மீஷர் ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதில் பொசுபரசு இருந்தது. அது தெரிந்த எந்தப் புரதத்தைப் போலவும் நடந்துகொள்ளவில்லை. அதற்கு நியூக்ளீன் என்று பெயரிட்டார். ஹொப்பே-செய்லருக்கே நம்பிக்கை வரவில்லை. தானே அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்த பின்னர்தான் 1871இல் கட்டுரையை வெளியிட அனுமதித்தார்.

அந்த நியூக்ளீன் உண்மையில் எதனால் ஆனது என்பதைக் கண்டுபிடிப்பதைக் கொசெல் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அது ஒரு தனிப் பொருள் அல்ல, ஒரு புரதப் பகுதியும் புரதமல்லாத ஓர் அமிலப் பகுதியும் சேர்ந்தது என்று அவர் காட்டினார். அந்த அமிலப் பகுதியைத்தான் நாம் இன்று நியூக்ளிக் அமிலம் என்கிறோம்.

1883இல் கொசெல் பேர்லின் சென்றார். அங்கே உடற்றொழிலியல் நிறுவனத்தின் வேதியியல் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அடுத்த ஆண்டே, 1884இல், ஹிஸ்டோனைக் கண்டறிந்தார்.

வாத்தின் இரத்தம்

அவர் அதற்கு எடுத்துக்கொண்டது வாத்தின் இரத்தம். அந்தத் தெரிவுக்குக் காரணம் இருக்கிறது. மனிதரின் செங்குழியங்களுக்குக் கரு கிடையாது. முதிரும்போது அவை கருவை இழந்துவிடுகின்றன. பறவைகளின் செங்குழியங்களில் கரு கடைசி வரை இருக்கும். இரத்தமோ வேண்டிய அளவு கிடைக்கும். எனவே கருக்களை மட்டும் தனியாகப் பிரித்துத் திரட்டுவதற்கு வாத்தின் இரத்தம் வசதியானது. அந்தக் கருக்களை ஐதான அமிலத்தில் இட்டபோது ஒரு புரதம் கரைந்து வெளியே வந்தது. அது கார இயல்புள்ளது. அதற்கு அவர் ஹிஸ்டோன் என்று பெயர் வைத்தார்.

கார இயல்பு என்பதுதான் இங்கே முக்கியம். டிஎன்ஏ ஓர் அமிலம். எதிர் மின்னேற்றம் கொண்டது. ஹிஸ்டோனில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய உள்ளன; அவை நேர் மின்னேற்றம் கொண்டவை. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கும். கருவுக்குள் இவை இரண்டும் பிணைந்து கிடப்பதற்கு இந்த இழுப்பே காரணம். மின்னுணுக்குக்காட்டி எதுவும் இல்லாத காலத்தில், அமிலமும் உப்பும் வடிதாளும் வைத்துக்கொண்டு கொசெல் இந்தப் பிணைப்பின் இரு பக்கங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்.

அடுத்த பத்து ஆண்டுகள் அமிலப் பக்கத்துக்குப் போயின. 1885இல் மாட்டின் சதையியிலிருந்து அடெனினைப் பிரித்தெடுத்தார். சுரப்பியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். 1893இலும் 1894இலும் தன் சக ஆய்வாளர் அல்பேர்ட் நொய்மனுடன் சேர்ந்து கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து தைமினையும் சைற்றோசினையும் கண்டறிந்தார். நான்காவது எழுத்தான குவானின் 1840களிலேயே கடற்பறவைகளின் எச்சத்தில் கண்டறியப்பட்டிருந்தது. அது கருவின் அமிலத்திலும் ஓர் அங்கம் என்று காட்டியவர் கொசெல். ஆர்என்ஏயில் தைமினுக்குப் பதிலாக இருக்கும் யுராசிலை 1900இல் அவருடைய ஆய்வுகூடத்தில் அல்பேர்ட்டோ அஸ்கோலி கண்டறிந்தார்.

இடையில் 1888இல் தேயிலையை ஆராய்ந்தபோது தியோபிலின் என்ற பொருளையும் கொசெல் பிரித்தெடுத்தார். ஆஸ்த்துமா நோயாளிகளின் மூச்சுக் குழாயைத் தளர்த்தும் மருந்தாக அது பின்னர் உலகெங்கும் பயன்பட்டது. சீழ், வாத்து இரத்தம், சதையி, தேயிலை என்று அவர் கையில் எடுத்தவை எல்லாம் சாதாரணப் பொருட்கள்.

1895இல் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். மீன்களின் விந்துக் கலங்களையும் தொடர்ந்து ஆராய்ந்தார். அவற்றில் ஹிஸ்டோனுக்குப் பதிலாகப் புரோட்டமின் என்ற இன்னும் எளிய புரதம் இருக்கிறது. இருதய சத்திரசிகிச்சை முடிந்ததும், இரத்தம் உறையாமல் தடுக்கக் கொடுத்த ஹெபரின் மருந்தின் வேலையை நிறுத்துவதற்கு வைத்தியர்கள் இன்றும் கொடுப்பது இந்தப் புரோட்டமினைத்தான்.

1901இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. இறக்கும் வரை அந்த நகரிலேயே வாழ்ந்தார். 1910இல் நோபல் பரிசு வந்தது. புரதங்களையும் கருவில் உள்ள பொருட்களையும் ஆராய்ந்து கலத்தின் வேதியியலை விளக்கியதற்காக அந்தப் பரிசு.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. 1886இல் அவர் மணந்த லூயிஸ், ஹைடல்பேர்க்கில் சமஸ்கிருதமும் ஜேர்மன் இலக்கியமும் கற்பித்த அடோல்ஃப் ஹோல்ற்ஸ்மனின் மகள். அவர்களது பிள்ளைகளில் இருவரே வளர்ந்து ஆளாகினர். மகன் வால்ற்றர் பின்னாளில் பெயர்பெற்ற பௌதிகவியலாளர். 1913இல் லூயிஸ் சதையியில் ஏற்பட்ட கடும் அழற்சியால் இறந்தார். கணவர் எந்த உறுப்பிலிருந்து அடெனினைக் கண்டறிந்தாரோ, அதே உறுப்பின் நோய். அதற்கு அடுத்த ஆண்டு போர் வந்தது.

இரண்டு மறுப்புகள்

1914 ஓகஸ்ட் மாதம் ஜேர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. ஓகஸ்ட் 25ஆம் திகதி இரவு லூவன் நகரில் தீ வைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டனர். நகரின் பல்கலைக்கழக நூலகம் அதன் இலட்சக்கணக்கான நூல்களோடும் பழஞ்சுவடிகளோடும் எரிந்தது. ஒரு நூலகம் எரிவது என்றால் என்ன என்று 1981 ஜூனைக் கடந்து வந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உலகம் கண்டித்தது. அதற்குப் பதிலாக ஒக்டோபரில் ஜேர்மனியிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஜேர்மனி போரைத் தொடக்கவில்லை, பெல்ஜியத்தில் பொதுமக்கள் அநியாயமாகக் கொல்லப்படவில்லை, லூவனில் நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் உண்மையல்ல என்று அது மறுத்தது. கீழே 93 பேரின் பெயர்கள் இருந்தன. பௌதிகவியலாளர்கள் மக்ஸ் பிளாங்க், வில்ஹெல்ம் ரொண்ட்கன், வேதியியலாளர்கள் எமில் ஃபிஷர், ஃபிரிட்ஸ் ஹாபர், மருத்துவ ஆய்வாளர்கள் பவுல் எர்லிக், எமில் ஃபொன் பேரிங் ஆகியோர் அதில் இருந்தனர். ஸ்ட்ராஸ்பூர்க்கில் கொசெலுக்குக் கற்பித்த பேயரின் பெயரும் இருந்தது. அங்கே நடந்ததை இவர்களில் எவரும் நேரில் பார்த்தவர்கள் அல்லர். நாடு கேட்டது; கொடுத்தார்கள்.

கொசெல் அதில் கையெழுத்திட மறுத்தார். அவர் அரசியல் பேசுகிறவர் அல்ல. எந்தக் கட்சி மேடையிலும் ஏறியவர் அல்ல. எதிர் அறிக்கை எதையும் வெளியிடவும் இல்லை. தன் பெயரைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை கேட்கப்பட்டது அவருடைய துறைக்குள்ளேயே வந்தது. போர் நீண்டது. பிரித்தானியக் கடற்படை ஜேர்மனிக்கு வரும் கப்பல்களை மறித்தது. அரச நிர்வாகமும் உணவுப் பங்கீட்டில் தடுமாறியது. 1916ஆம் ஆண்டு உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் மக்கள் கால்நடைகளுக்குப் போடும் கிழங்கை அவித்துத் தின்றார்கள். கூப்பனுக்குக் கிடைத்த உணவு ஒரு வளர்ந்த மனிதருக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுத்தது. போர் முடிவதற்குள் பட்டினியாலும் அது வரவழைத்த நோய்களாலும் இலட்சக்கணக்கான பொதுமக்கள் இறந்தார்கள்.

மக்களுக்குக் கிடைக்கும் பங்கீட்டு உணவு போதுமானது என்று ஓர் அறிக்கை விடும்படி கொசெலுக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டது. அவர் உணவு, புரதம், போசணை பற்றி எழுதியவர். நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னால் எடுபடும். அவர் மறுத்துவிட்டார். பொய்யை உண்மை என்று அறிவிக்கத் தன்னால் முடியாது என்பதே அவர் நிலைப்பாடாக இருந்தது.

உணவு போதும் என்ற ஒரு வரி அறிக்கையின் கனம் நம்மவர்களுக்குத் தெரியும். 2009இன் தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருக்கும் மக்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களுக்குள் வந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். எத்தனை பேர் என்ற கணக்கே எவ்வளவு உணவும் மருந்தும் போகும் என்பதைத் தீர்மானித்தது. உள்ளே நடந்ததை வெளியே சொன்ன அரச வைத்தியர்கள் மே மாதம் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலையில், தடுப்பில் இருந்த நிலையிலேயே கொழும்பில் ஊடகங்களின் முன் அமர்த்தப்பட்டு, முன்னர் சொன்னவற்றை மறுத்தார்கள்.

இதைக் கொசெலோடு ஒப்பிட்டு அந்த வைத்தியர்களைக் குறை சொல்வது அநியாயம். கொசெலுக்குப் பேராசிரியர் பதவியும் நோபல் பரிசும் அறுபதைக் கடந்த வயதும் இருந்தன. மறுத்ததற்காக அவர் சிறைக்குப் போகவில்லை. எறிகணைக்குள் நின்று சத்திரசிகிச்சை செய்துவிட்டுத் தடுப்புக்குள் போனவர்களிடம் அந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. கொசெலின் கதை எழுப்பும் கேள்வி வேறு ஆட்களுக்கானது. பதவியும் பாதுகாப்பும் இருந்தும், ஒன்றும் பறிபோகாது என்று தெரிந்தும், கேட்ட இடத்தில் பெயரைக் கொடுப்பவர்களுக்கானது. அந்த 93 பேரில் அப்படிப்பட்டவர்கள் பலர். சிலர் பின்னர் வருந்தினர். ஹாபர் இன்னும் தூரம் போனார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர் அவரே.

போருக்குப் பின்னர் பல சர்வதேச அறிவியல் கூட்டங்களில் இருந்து ஜேர்மன் விஞ்ஞானிகள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 1923இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உடற்றொழிலியலாளர் மாநாடு நடந்தபோது ஜேர்மனியின் பிரதிநிதியாகச் சென்றவர் கொசெல். நேற்றுவரை எதிரி நாடாக இருந்த இடத்தில், எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். ஆனாலும் ஹைடல்பேர்க்கில் புரத ஆய்வைத் தொடர்ந்தார். 1927 ஜூலை 5ஆம் திகதி, தனது 73ஆவது வயதில் காலமானார். புரோட்டமின்களையும் ஹிஸ்டோன்களையும் பற்றிய அவரது கடைசி நூல் மறு ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1884இல் தொடங்கிய கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை.

சுவடிக் கட்டும் கயிறும்

அவர் இறந்தபோது ஹிஸ்டோன் எதற்காக இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பரம்பரைச் செய்தி புரதத்தில்தான் இருக்கும் என்று பலர் நினைத்த காலம் அது. 1944இல் நியூயோர்க்கில் ஒஸ்வால்ட் ஏவரியின் குழு, பரம்பரைச் செய்தியைக் காவுவது டிஎன்ஏ என்று காட்டியது. அதன் பின்னர் ஹிஸ்டோனை டிஎன்ஏயைச் சுற்றி வைக்கும் வெறும் பொதி என்று ஒதுக்கினர்.

1950இல், கொசெலுக்குப் பட்டம் கொடுத்த அதே எடின்பரோவில், எட்கர் ஸ்டெட்மன், எலன் ஸ்டெட்மன் தம்பதியினர் வேறொரு கருத்தை முன்வைத்தனர். எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள் இருக்கும்போது ஈரல் கலம் ஈரலாகவும் நரம்புக் கலம் நரம்பாகவும் எப்படி ஆகின்றன? தேவையற்ற பரம்பரையலகுகளை ஹிஸ்டோன் அடக்கி வைப்பதாலோ? 1964இல் நியூயோர்க்கின் றொக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரேயின் குழு இதற்கு ஒரு வேதியியல் தடயத்தைக் கண்டது. ஹிஸ்டோனில் அசற்றைல் என்ற சிறு கூட்டம் வந்து ஒட்டும்போது அந்த அடக்குமுறை தளர்கிறது.

1974இல் றொஜர் கோர்ன்பேர்க் இதன் கட்டமைப்பை விளக்கினார். எட்டு ஹிஸ்டோன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு நூற்கட்டை போல நிற்கின்றன. அதைச் சுற்றி டிஎன்ஏ இழை ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றுகிறது. அந்தச் சுற்றில் 147 எழுத்துச் சோடிகள் அடங்கும். பிறகு சிறிது இடைவெளி, அடுத்த கட்டை. இப்படி மனிதக் கலம் ஒன்றில் சுமார் 3 கோடி கட்டைகள். அதனால்தான் நீட்டினால் சுமார் 2 மீற்றர் வரும் இழை, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கே அகலமான கருவுக்குள் அடங்குகிறது.

பழைய ஏட்டுச் சுவடிக் கட்டை நினைத்துப் பார்க்கலாம். கயிறு இறுகக் கட்டியிருந்தால் ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் வாசிக்க முடியாது. தளர்த்தினால்தான் விரித்து வாசிக்கலாம். ஹிஸ்டோன் அந்தக் கயிற்றைப் போன்றது. அதன் வால் போல நீண்டிருக்கும் பகுதியில் அசற்றைல் ஒட்டினால் நேர் மின்னேற்றம் குறைகிறது. டிஎன்ஏ மீதான பிடி தளர்கிறது. அந்த இடத்தில் உள்ள பரம்பரையலகு வாசிக்கப்படுகிறது. மீதைல் என்ற கூட்டம் சில இடங்களில் ஒட்டினால் பரம்பரையலகு மூடப்படும். வேறு சில இடங்களில் ஒட்டினால் திறக்கப்படும். அசற்றைலை ஒட்டி இந்தப் பூட்டைத் திறக்கும் நொதியத்தை டேவிட் அலிஸின் குழுவும், அதைக் கழற்றும் நொதியத்தை ஸ்டுவர்ட் ஷ்ரைபரின் குழுவும் 1996ஆம் ஆண்டிலேயே இனங்கண்டன.

கலப்பிரிவிலும் ஹிஸ்டோனின் வேலை உண்டு. கலம் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிக்கும்போது, அதே அளவு ஹிஸ்டோனையும் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய கட்டைகள் இரண்டு புதிய இழைகளுக்கும் பகிரப்படுகின்றன. இடைவெளிகளைப் புதியவை நிரப்புகின்றன. பழையவற்றில் இருந்த அடையாளங்களைப் பார்த்துப் புதியவற்றிலும் பல குறிக்கப்படுகின்றன. இதனால் ஈரல் கலம் பிரிந்தால் ஈரல் கலங்களே வருகின்றன. பின்னர் நிறமூர்த்தங்கள் இறுகிச் சுருளும் வேளையில், ஹிஸ்டோனின் ஒரு குறித்த இடத்தில் பொசுபேற்று ஒட்டுகிறது. புற்றுநோய்க் கட்டியில் எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஆய்வுகூடங்கள் இந்த அடையாளத்தைப் பயன்படுத்துகின்றன. நிறமூர்த்தத்தின் இடுப்புப் பகுதியில் ஒரு விசேட ஹிஸ்டோன் இருக்கிறது. இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் நார்கள் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அதுவே குறிக்கிறது. அதில் பிசகு வந்தால் ஒரு மகட்கலத்துக்கு நிறமூர்த்தம் கூடும், மற்றதற்குக் குறையும்.

இந்த அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. ஹிஸ்டோனில் இருந்து அசற்றைலைக் கழற்றும் நொதியத்தைத் தடுக்கும் வொரினோஸ்ற்றட் என்ற மருந்து, தோலில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வலிப்பு நோய்க்கு நீண்டகாலமாகக் கொடுக்கப்படும் வல்ப்ரோயேற்றும் அதே நொதியத்தைத் தடுக்கிறது என்று 2001இல் தெரியவந்தது.

பட்டினியின் தடம்

கொசெல் மறுத்த அந்த அறிக்கைக்கும் அவர் கண்டறிந்த புரதத்துக்கும் தொடர்பு இருப்பதாக அவர் நினைத்திருக்க முடியாது. ஆனால் இன்றைய அறிவியல் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை மறித்தன. சுமார் 20,000 பேர் இறந்தனர். அந்தப் பட்டினிக் காலத்தில் கருவில் தரித்தவர்களை ஆறு பத்தாண்டுகளுக்குப் பின்னர் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். 2008இல் வெளிவந்த முடிவின்படி, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 என்ற பரம்பரையலகின் மீதுள்ள மீதைல் அடையாளம், பட்டினிக்கு உட்படாத அவர்களது சொந்தச் சகோதரரிடம் இருந்ததைவிட அவர்களிடம் குறைவாக இருந்தது. இது ஹிஸ்டோனில் அல்ல, டிஎன்ஏ மீதே ஒட்டும் அடையாளம். ஆனால் இந்த இரண்டு வகை அடையாளங்களும் கைகோத்தே பரம்பரையலகுகளைத் திறந்து மூடுகின்றன.

இதைப் படித்துவிட்டு, போரில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பழுதுபட்டவர்கள் என்று எவரும் முடிவு கட்டக் கூடாது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எழுத்துகள் மாறவில்லை, அவற்றின் மேல் உள்ள குறிகளில் சிறு வேறுபாடு மட்டுமே. அந்தக் குறிகள் விதி அல்ல. உணவு, பராமரிப்பு, மருத்துவக் கவனிப்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அதேவேளை, முற்றுகைக்குள் இருந்த ஒரு தாயின் பசி அன்றோடு முடிந்த கதை என்று சொல்பவர்களுக்கும் அந்த ஆய்வு ஒரு பதில். போதிய உணவு போகிறது என்று ஒரு மேசையில் எழுதப்படும் வரி, இன்னும் பிறக்காத ஒருவரின் கலத்துக்குள்ளும் போய்ச் சேரலாம்.

கொசெலின் ஆய்வுகூடத்தில் அடையாளம் காணப்பட்ட எழுத்துகளுக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. பொஸ்னியாவிலும் ஆர்ஜென்டினாவிலும் புதைகுழிகளில் இருந்து எடுக்கப்பட்ட எலும்புகளை, தேடி அலைந்த உறவினரின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்ல வைத்தது அந்த எழுத்துகளின் வரிசைதான். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் இங்கே ஆண்டுக்கணக்காகக் கேட்டு நிற்கும் பரிசோதனையும் அதுவே.

ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் சிதைந்த நரம்புகள் மீள வளர்வதை ஆராயும் நிறுவனம் ஒன்று அல்பிரெக்ட் கொசெலின் பெயரைத் தாங்கி இயங்கியது. போர்க்காலத்தில் எவருக்கும் கொடுக்காமல் அவர் வைத்திருந்த பெயர் அது.